கலைச்சொல் வேண்டும்: கரை அரிப்பா, படுகை அறுப்பா?

திருவையாற்று ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். மேனிலை வகுப்புக்கு, பெரிய ஆறுகளைப் பற்றிய துணைப்பாடம் ஒன்றைத் தமிழில் தந்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பிரம்மபுத்திராவில் மாஜுலித் தீவு சுருங்குவது, ஃபராக்கா தடுப்பணையை ஒட்டி மால்டா பக்கம் கங்கை ஊர்களை விழுங்குவது, மீகாங்கில் மணல் எடுத்து எடுத்து ஆற்றின் அடி இறங்கிப்போனது எல்லாம் வருகிறது. 'பேங்க் எரோஷன்' வந்த இடத்தில் 'கரை அரிப்பு' என்று போட்டு வகுப்பில் வாசித்தேன். பையன்கள் கையைச் சொறிந்து காட்டுகிறார்கள். அதுகூடப் போகட்டும். மூலத்தில் இரண்டு வேலைகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். ஓட்டம் மண்ணைத் துகள் துகளாக எடுத்துப்போவது ஒன்று. அடி பறிபோன கரை பாளம் பாளமாக விழுவது இன்னொன்று. இரண்டையும் 'அரிப்பு' என்றால் பாடம் குழம்பும். அப்புறம் 'ஹங்ரி வாட்டர்' என்று ஒன்று இருக்கிறது. உதவுங்கள்.

மன்னார்குடிப் புலவர்:
அம்மா, அரிப்பை அவசரப்பட்டுத் தள்ள வேண்டாம். ஏடு செல்லரித்தது என்கிறோம், யாரும் சொறிவதில்லை. ஆனால் பழஞ்சொல் கையில் இருக்கிறதே: பொருதல், அதாவது மோதுதல். 'கல்பொருது இரங்கும் மல்லற் பேர்யாற்று' என்று புறநானூறு 192 பாடுவது பெரிய ஆற்றைத்தானே? ஆகவே 'கரைபொருதல்'. தாமிரபரணிக்குப் பொருநை என்ற பெயரே கரையோடு பொருவதால் வந்தது என்பது என் துணிபு. இன்னும் ஒரு படி போகலாம். கரை என்ற பெயரும் கரைதல் என்ற வினையும் ஒரே வேர் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. கரைவதால்தான் அது கரை. 'ஆற்றங் கரையின் மரமும்' என்று ஔவை எடுத்த எடுப்பிலேயே அது விழப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே!

குடந்தைப் பொறியாளர்:
புலவர் ஐயா, கரையோடு பொருவதால் பொருநை என்றால், காவிரி இத்தனை காலம் கரையோடு கொஞ்சிக்கொண்டா இருந்தது?

எனக்குச் சிக்கல் 'கரை' என்ற சொல்லிலேயே இருக்கிறது. டெல்டாவில் கரை என்றால் வெள்ளத்துக்காக மண் போட்டு உயர்த்திய கரை. அது போனால் 'உடைப்பு'. அந்தக் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் வாழையும் நாணலும் நிற்கிற வண்டல் நிலம் படுகை. ஆறு முதலில் எடுப்பது அதைத்தான், டீச்சர் புத்தகம் சொல்வதும் பெரும்பாலும் அதைத்தான். ஆனால் 'படுகை அரிப்பு' என்று எழுதினால் ஒரு பிள்ளை ஆற்றின் அடித்தரை என்று எடுத்துக்கொள்ளும். செய்தித்தாள் படிக்கிறவர் குடகிலிருந்து பூம்புகார் வரை உள்ள காவிரிப் படுகை முழுவதையும் நினைப்பார்.

பாளமாக விழுவது வேறு கதை. வெள்ளம் நிறைந்து போகும்போதுகூட நிற்கிற கரை, தண்ணீர் சட்டென்று வடியும்போது விழும். நிறைந்த தண்ணீர் கரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மட்டம் இறங்கியதும் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. மண்ணோ ஊறிக் கனத்து நிற்கிறது, உள்ளே இருக்கும் நீரும் வெளியே தள்ளுகிறது. மேலே அணையில் திறப்பைத் திடீரென்று குறைத்தாலும் இதேதான். இதற்கு 'கரைச்சரிவு' என்று போடுங்கள்.

கொள்ளிடக்கரைத் தம்பி:
டீச்சர், எங்க ஊரில் 'ஆறு அறுக்குது' என்போம். விழுந்தால் 'பேந்து விழுந்துடுச்சு'. அறுப்பு, பெயர்ப்பு. வேலை முடிந்தது.

மயிலாடுதுறை அன்பர்:
தம்பி, நம் பக்கத்தில் அறுப்பு என்றால் தை மாதக் களத்துமேடு. 'ஆற்றில் அறுப்பு நடந்தது' என்று பாடத்தில் வந்தால் ஆற்றுக்குள் நெல் போட்டதாக ஆகிவிடும். அது இருக்கட்டும், எல்லாரும் 'டெல்டா டெல்டா' என்கிறீர்களே, 'கழிமுகம்' என்ன பாவம் செய்தது?

குடந்தைப் பொறியாளர்:
கழிமுகம் ஆறு கடலில் சேரும் இடம். கல்லணையிலிருந்தே கழிமுகம் என்றால் திருவையாற்றில் இறால் பிடிக்கலாம்.

'ஹங்ரி வாட்டர்' விஷயத்துக்கு வருகிறேன். மேட்டூர் 1934இல் முடிந்தது. மேலிருந்து வரும் மண் தேக்கத்தில் தங்கிவிடுகிறது. வெளியே வரும் நீருக்கு வேகம் உண்டு, சுமை இல்லை. ஆகவே கீழே கிடைக்கிற அடியையும் கரையையும் பிடுங்கிக்கொள்கிறது. மணல் குவாரி இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. அடி இறங்கினால் கரையின் உயரம் கூடுகிறது, உயரம் கூடினால் சரிகிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்து மதகுகள் 9 வெள்ளத்தில் போனபோது, 1836இல் கட்டியது, வயசாகிவிட்டது என்றார்கள் ஒரு பக்கம். மணல் என்றார்கள் இன்னொரு பக்கம். என் ஓட்டு 'சுமையில்லா நீர்'.

திருவையாற்று ஆசிரியை:
'பசிநீர்' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஐயா. இன்னொரு சங்கடமும் உண்டு. மனிதன் கை வைப்பதற்கு முந்தைய 'இயற்கை ஆறு' என்று மூலம் அடிக்கடி சொல்கிறது. கல்லணைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அதைப் பிள்ளைகளுக்கு எங்கே காட்டுவது?

மன்னார்குடிப் புலவர்:
பசி உயிருக்கு உரியது. நீருக்குப் பசி என்பது மொழிபெயர்ப்பு வாடை.

கொள்ளிடக்கரைத் தம்பி:
கடல் கொண்டது என்று சொன்னார்களே ஐயா, கடலுக்குக் கை இருந்ததா? பசிநீர் என்றால் எங்க அப்பாவுக்கே புரியும்.

மன்னார்குடிப் புலவர்:
தம்பி வாயில் சர்க்கரை போட வேண்டும்! கடல்கோள் இருக்கிறது, அதே வழியில் 'ஆற்றுக்கோள்'. ஆறு நிலத்தைக் கொள்வது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் கொள்ளிடம் என்று பக்கத்திலேயே சாட்சி ஓடுகிறது. அரிப்பும் சரிவும் இதற்குள் அடங்கும். பொருதலை நான் திரும்பப் பெறுகிறேன்.

திருவையாற்று ஆசிரியை:
அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் இதே புத்தகத்தில் முதல் பாடம் சூரியக் குடும்பம். 'ஆற்றுக்கோள்' என்றால் எத்தனையாவது கோள் என்று கேட்பார்கள். அதோடு எனக்கு வேண்டியது பிரிக்கிற சொற்கள், அடக்குகிற சொல் இல்லை.

குடந்தைப் பொறியாளர்:
வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அரிப்பு, சரிவு, பசிநீர். நான் என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

திருவையாற்று ஆசிரியை:
அப்படியே அனுப்பிவிட்டேன். 'கரை' வரும் முதல் இடத்தில், நம் ஊர்ப் படுகையும் இதில் சேரும் என்று ஒரு வரி சேர்த்தேன். சொறிகிறவர்கள் சொறியட்டும். 'இயற்கை ஆறு' என்பதை 'அணைகளுக்கு முந்தைய ஆறு' என்று மாற்றியிருக்கிறேன். பதிப்பாசிரியர் விடுவாரா தெரியவில்லை.

மன்னார்குடிப் புலவர்:
அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். ஆற்றுக்கோளை நான் விடவில்லை. கடல்கோளைப் படித்து எந்தப் பிள்ளையும் கடலில் கோள் தேடியதில்லை.

மயிலாடுதுறை அன்பர்:
சரி, கழிமுகம் வேண்டாம். டெல்டாவுக்கு 'ஆற்றுவிரி' எப்படி? தனி இழை தொடங்குகிறேன்.