ஆழமா மூச்சு இழுத்தா தலை கிறுகிறுக்குது, ஏன்?

காட்பாடி_55:
கோட்டை அகழி ஓரமா நடைப்பயிற்சி முடிச்சதும் வாயால வேகமா முப்பது தடவை இழுத்து விடறது. முடிக்கறதுக்குள்ள தலை கிறுகிறுக்குது, விரல் நுனியிலயும் உதட்டுலயும் எறும்பு ஊர்ற மாதிரி. ஆக்சிஜன் நிறைய ஏறுதுன்னு கூட நடக்கறவங்க சொல்றாங்க. நெஜமா? பி.பி. மாத்திரை சாப்பிடறவங்க இதைச் செய்யலாமா?

பாலாற்றுக்கரை:
ஏறறது ஒண்ணும் இல்ல சார், எறங்கறதுதான் பிரச்சனை. ஆரோக்கியமான ஆளுக்கு ரத்தம் சுமக்கக்கூடிய ஆக்சிஜன்ல 95 சதவீதத்துக்கு மேல ஏற்கெனவே நிறைஞ்சிருக்கும். வேகமா ஊதித் தள்ளினா கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போயிடும். அது கொறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், அதான் கிறுகிறுப்பு. ரத்தத்துல காரத்தன்மை கூடறதால எறும்பு ஊர்றது. உட்கார்ந்து சாதாரணமா மூச்சு விட்டா சில நிமிஷத்துல அடங்கிடும்.

வேகமா மேலோட்டமா விடறதை விட மெதுவா ஆழமா விடறது ஏன் மேல்னு கணக்கு பாருங்க. ஒவ்வொரு மூச்சுலயும் சுமார் 150 மி.லி. காத்து மூக்கு, தொண்டை, குழாயிலயே நின்னுடும். 250 மி.லி. வீதம் நிமிஷத்துக்கு 24 மூச்சு விட்டா நுரையீரல் காற்றுப்பைக்குப் போய்ச் சேர்றது 2,400 மி.லி.; 500 வீதம் 12 மூச்சுன்னா 4,200. உள்ளே இழுத்தது ரெண்டுலயும் அதே 6 லிட்டர்தான்!

வேலப்பாடி_யோகா:
மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்க. ஒரு கை நெஞ்சுல, ஒரு கை தொப்புளுக்கு மேல. மூக்கால 4 எண்ணி இழுங்க, 6 எண்ணி விடுங்க. நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும். விடறப்பதான் வேகஸ் நரம்பு (மூளையிலேர்ந்து இதயத்துக்கும் வயித்துக்கும் போற நரம்பு) இதயத் துடிப்பை இறக்கும், மனசு அடங்க அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. அதனால விடற நேரம் நீளமா இருக்கணும். காலையும் ராத்திரியும் 5 நிமிஷம் போதும்.

வயித்துக்கை எழும்பணும், நெஞ்சுக்கை அசையாத மாதிரி இருக்கணும். நிறைய பேர் தோளைத் தூக்குவாங்க, இல்லன்னா வயித்தை வேணும்னே முன்னால தள்ளுவாங்க; ரெண்டுலயும் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற மூச்சுத் தசை) சரியா வேலை செய்யாது. வேட்டியோ பெல்ட்டோ இறுக்கமா இருந்தா தளர்த்துங்க. சாப்பிட்ட உடனே வேணாம். கத்திரி வெயில்ல மொட்டை மாடிக்குப் போறதும், பைபாஸ் ரோட்டுப் புழுதியில ஆழமா இழுக்கறதும் வேண்டாத வேலை.

சத்துவாச்சாரி_பிசியோ:
பி.பி. இருக்கறவங்க மெதுவா விடற மூச்சு தாராளமா செய்யலாம். மூச்சை அடக்கற கும்பகமும், வயித்தை வெடுக்குன்னு உள்ளே இழுத்து வேகமா ஊதற கபாலபாதியும் வேணாம். கர்ப்பிணி, குடலிறக்கம் உள்ளவங்க, வயிறு, கண் ஆபரேஷன் ஆனவங்களுக்கும் அப்படித்தான். மாத்திரையை மட்டும் தானா நிறுத்தாதீங்க.

சிகரெட்டால நுரையீரல் கெட்டு மூச்சு இளைக்கறவங்க, மூக்கால 2 எண்ணி இழுத்து, சூடான டீயை ஊதற மாதிரி உதட்டைக் குவிச்சு 4 எண்ணி விடலாம். நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினா மூச்சுப் பயிற்சின்னு உட்காராதீங்க, உடனே 108.

காட்பாடி_55:
தொந்தி இருக்கு. மல்லாந்தா மூச்சு முட்டுது.

வேலப்பாடி_யோகா:
அப்போ படுக்க வேணாம். முதுகுக்கு ரெண்டு தலையணை வெச்சு சாய்ஞ்சு உட்காருங்க. அப்படியும் முட்டினா, இல்ல ராத்திரி மூச்சு முட்டி எழுந்திரிச்சா, முதல்ல டாக்டரைப் பாருங்க சார்.