கேரவன் ஃப்ளோர் அமுங்குது, மேல ப்ளைவுட் அடிச்சா போதுமா? (அவசரம்)

மாந்தோப்பு_கேரவன் | தருமபுரி | வியாழன் இரவு 9:12

வணக்கம். கேரவன்ல ரெண்டு இடத்துல கால் வெச்சா ஃப்ளோர் அமுங்குது. மேல 6 எம்எம் ப்ளைவுட் போட்டு ஆணி அடிச்சிட்டா சரியாயிடுமா? சனிக்கிழமை காலைல ஒகேனக்கல் கிளம்பறோம். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

ஓசூர்_ஃபிட்டர் | 9:20

கேரவன்னா எதுங்க? டெம்போ டிராவலரை மாத்தினதா, வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுக்கற டிரெய்லரா? எந்த ரெண்டு இடம்? கதவுகிட்டயா, சிங்க்கிட்டயா, கட்டிலுக்கு அடியிலயா? மேல என்ன விரிச்சிருக்கு, அடியில குனிஞ்சு பாத்தா என்ன தெரியுது? இதெல்லாம் தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

பென்னாகரம்_ரோடு | 9:26

கறையான்தான், சந்தேகமே வேண்டாம். தோப்புல வெறும் மண்ணு மேல நிறுத்தியிருப்பீங்க. டயர் வழியா, ஜாக்கி கால் வழியா ஏறிடும். மருந்து அடிங்க முதல்ல.

சேஸிஸ்44 | 9:41

இதே கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. "அமுங்குது" என்பது நோயின் பெயர் அல்ல. "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டரும் மருந்து எழுத மாட்டார். அழுகிய பலகை மேல் புதுப் பலகை அடிப்பது, சீழ் வைத்த புண்ணுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டுவதற்குச் சமம்.

மாந்தோப்பு_கேரவன் | 9:58

சாரி சார். டிரெய்லர்தான். 12 அடி, ஒத்தை ஆக்சில், பொலிரோல இழுக்கறோம். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. மேல வினைல் ஷீட். அடியில தகடு. ஒரு இடம் கதவுகிட்ட, இன்னொண்ணு சிங்க் முன்னாடி.

ஓசூர்_ஃபிட்டர் | 10:15

சரி, இப்பப் பேசலாம். அமுங்கறது மூணு வகை. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

ஒண்ணு, மிதிச்சா ஸ்பிரிங் மாதிரி இறங்கி, காலை எடுத்ததும் பழையபடி வந்துடும். பலகை கெட்டிருக்காது. அடியில இருக்கற குறுக்கு பைப்புக்கு நடுவுல இடைவெளி ஜாஸ்தி, இல்லன்னா ப்ளை மெலிசு.

ரெண்டாவது, மிதிக்கும்போது "கிரீச்"னு சத்தம். விரல் மடக்கித் தட்டினா அந்த இடத்துல மட்டும் பொள்ளலா கேக்கும். ப்ளையோட அடுக்கு பசை விட்டுப் பிரிஞ்சிருக்கு.

மூணாவது, அமுங்கினது திரும்ப எழாது, இல்ல மெதுவா எழும். வினைல்ல கறுப்பா, பழுப்பா கறை தெரியும். புழுங்கின வாடை அடிக்கும். அது அழுகல்.

வினைலை ஒரு மூலையில உரிச்சிட்டு ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. நல்ல ப்ளைல முனை 1, 2 எம்எம் இறங்கறதே கஷ்டம். அழுகினதுல கேக்ல குத்தின மாதிரி போயிடும். எதுவரைக்கும் அப்படிப் போகுதோ அதைச் சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. கறை தெரியற அளவை நம்பாதீங்க, வட்டம் எப்பவும் அதைவிடப் பெருசாத்தான் வரும்.

பென்னாகரம் அண்ணா சொல்ற கறையானையும் அப்பவே பாத்துக்கலாம். கறையான்னா மண் புத்து வழி தெரியும், உள்ள வரிவரியா அரிச்சு மண் அப்பியிருக்கும். அழுகல்னா மண்ணு இருக்காது, ஈரமா நார்நாரா வரும், இல்ல காஞ்சு குறுக்க வெடிச்சு கட்டம் கட்டமா உதிரும்.

காவேரிப்பட்டணம்_கார்பெண்டர் | 10:32

"அடியில தகடு"ன்னு போற போக்குல சொல்லிட்டீங்களே, விஷயமே அதுலதான் இருக்கு. ப்ளை, அதுக்குக் கீழ தெர்மோகோல், அதுக்கும் கீழ ஜிஐ தகடு, சுத்தி சிலிக்கான்னு கட்டியிருந்தா அது ஃப்ளோர் இல்லீங்க, தொட்டி. மேல இருந்து இறங்கின தண்ணிக்கு வெளிய போக வழியே கிடையாது. தெர்மோகோலுக்கும் தகட்டுக்கும் நடுவுல மாசக்கணக்குல நிக்கும், ப்ளை அடியில இருந்து ஊறும். மேல வினைல் மூடியிருக்கறதால அந்தப் பக்கமும் காயாது.

நாளைக்குப் பகல்ல ஒரு வேலை பண்ணுங்க. சிங்க் இருக்கற பக்கம், இருக்கறதுலயே தாழ்வான இடத்துல, கீழ படுத்துட்டுத் தகட்டுல 6 எம்எம் ஓட்டை ஒண்ணு போடுங்க. டிரில் பிட்டுல முனையில இருந்து 5 எம்எம் விட்டு டேப் சுத்திக்கங்க, அதுக்கு மேல உள்ள போகக் கூடாது. ஒயரோ கேஸ் குழாயோ போற தடமான்னு முதல்ல பாத்துக்கங்க. பேட்டரி கழட்டி வெச்சுடுங்க, சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுங்க.

தண்ணி வந்தா மோந்து பாருங்க. சோப்பு, சாம்பார் வாடை அடிச்சா சிங்க் கழிவு பைப். ஒரு வாடையும் இல்லன்னா நல்ல தண்ணி லைன், இல்ல மழை.

எம்சீல்_மணி | 10:40

இவ்ளோ எதுக்கு? 10 எம்எம் ஓட்டை வரிசையாப் போட்டு எபாக்ஸி பசையை ஊசியில ஏத்துங்க. வெளிநாட்டு கேரவன்காரங்க எல்லாம் அதான் பண்றாங்க. அரை நாள் வேலை.

ஓசூர்_ஃபிட்டர் | 10:52

மணி, ஊசி வைத்தியம் தப்பில்ல, நோயாளி வேற. அந்த வண்டிகள்ல மேல மெல்லிசு ப்ளை, நடுவுல ஃபோம், கீழ மெல்லிசு ப்ளை, மூணையும் ஒட்டி ஒரே சாண்ட்விச். பசை மட்டும் விட்டிருந்து, மரம் காய்ஞ்சிருந்தா, 100 எம்எம்முக்கு ஒரு ஓட்டை, மேல் ப்ளையை மட்டும் தாண்டற ஆழம், அதுல தண்ணியா ஓடற எபாக்ஸி. பக்கத்து ஓட்டையில எட்டிப் பாக்கற வரைக்கும் ஏத்தணும். ஓட்டையில மர டவல் (உருண்டை மரக் குச்சி) அடிச்சு, பாலிதீன் விரிச்சு, பலகை போட்டு, மேல வெயிட் ஏத்தி ஒரு நாள் விடணும். நுரைச்சு வீங்கற பசையை ஏத்தினா ஃப்ளோர் மேடாயிடும்.

இவரோடது பைப் ஃபிரேம் மேல ஒத்தை ப்ளை. இதுல ஊசி போட்டா தெர்மோகோலுக்குள்ள போய் உக்காந்துக்கும். ஈர மரத்துல எபாக்ஸி பிடிக்கவும் பிடிக்காது.

சேஸிஸ்44 | 10:58

ஃபிட்டர் சொல்வது சரி. அதை நானும் முன்பே எழுதியிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம்_கார்பெண்டர் | 11:20

ஒகேனக்கல் போயிட்டு வந்து செய்யற வேலைக்கு முழுசா எழுதிடறேன். அழுகலும், பிரிஞ்ச ப்ளையும் வெட்டி எடுக்கறதுதான் வழி.

வினைலை முழுசா உரிங்க. பழைய ஸ்க்ரூ தலை வரிசையைப் பாத்தா குறுக்கு பைப் எங்க போகுதுன்னு தெரிஞ்சுடும், இல்ல காந்தம் வெச்சுத் தேடுங்க. சாக்பீஸ் வட்டத்துல இருந்து எல்லாப் பக்கமும் 6 அங்குலம் தாண்டி, அங்க இருந்து அடுத்த குறுக்கு பைப்போட நட்டநடு வரைக்கும் கோடு. 40 எம்எம் பைப்னா பழைய ப்ளைக்கு 20, புதுசுக்கு 20. பைப் இல்லாத இடத்துல வெட்டி நிறுத்தினா அந்த ஜாயிண்ட் திரும்ப அமுங்கும்.

சர்க்குலர் ரம்பத்துல ஆழத்தை ப்ளை கனத்துக்குச் சரியா வைங்க, 12 எம்எம் ப்ளைன்னா 12. சுவர் ஓரம் ரம்பம் போகாது, மல்டி டூல் வேணும். சுவர் அந்த ப்ளை மேலதான் உக்காந்திருக்கும், சுவருக்கு அடியில நோண்டாதீங்க. அங்கயும் அழுகியிருந்தா அது வேற வேலை, சுவருக்கு முட்டுக் கொடுக்காம ஆரம்பிக்கக் கூடாது.

திறந்ததும் நனைஞ்ச தெர்மோகோலை எடுத்துப் போட்டுடுங்க. பைப்பை சுத்தியால தட்டுங்க. "டிங்"னு கேட்டா சரி, "பொத்"னு கேட்டா உள்ள துரு தின்னுருக்கு. கம்பி பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்.

குறுக்கு பைப் 2 அடிக்கு ஒண்ணுன்னு இருந்தா நடுவுல புதுசா ஒண்ணு சேத்துடுங்க. இடைவெளி பாதியானா தொய்வு எட்டுல ஒரு பங்காக் குறையும். ப்ளையை 12ல இருந்து 18 ஆக்கினா மூணுல ஒரு பங்காத்தான் குறையும், வெயிட்டும் ஒண்ணரை மடங்கு. புதுப் பைப்பை வெல்டு வெக்காதீங்க. பக்கத்துல தெர்மோகோல், ஒயர், மரம் எல்லாமே பத்திக்கற சாமான். ரெண்டு முனையிலும் எல் கிளீட் (எல் வடிவ இரும்புத் துண்டு) வெச்சு எம்8 போல்ட், நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்கறது, குலுக்கல்ல லூஸாகாது).

ப்ளை ஐஎஸ் 710 மரைன் (தண்ணி தாங்கற ரகம்). ஷீட்டோட 8 அடி வாட்டம் குறுக்கு பைப்புகளைத் தாண்டி ஓடணும், திருப்பி வெட்டினா அதே ப்ளை ஜாஸ்தி தொய்யும். சுத்தி 2 எம்எம் இடைவெளி. வெட்டின நாலு ஓரமும் தண்ணி குடிக்கற வாய்தான், எபாக்ஸியோ பியூ (பாலியூரித்தேன்) வார்னிஷோ ரெண்டு கோட் குடிக்கக் குடிக்கக் கொடுங்க. அடிப்பக்கமும் ஒரு கோட்.

பைப் மேல பியூ சீலண்ட் 8 எம்எம் கனத்துக்கு ஒரு கோடு, அது மேல ப்ளை, அப்புறம் சிறகு வெச்ச செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. அந்தச் சிறகு ப்ளைல ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கிட்டு, இரும்பு பட்டதும் ஒடிஞ்சுடும். சிறகில்லாத ஸ்க்ரூ போட்டா மரை ப்ளையைத் தூக்கிப் பிடிச்சுக்கும், கீழ இறுகாது. ஓரத்துல 6 அங்குலத்துக்கு ஒண்ணு, நடுவுல 1 அடிக்கு ஒண்ணு. ஜிப்சம் வேலைக்குப் போடற கறுப்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம், வண்டி குலுங்கறதுல தலை தெறிக்கும். ஆணி பத்திப் பேசவே வேண்டாம், இரும்பு பைப்புல எங்க இறங்கும்?

4 அடிக்கு 3 அடி துண்டுன்னா 300 எம்எல் சீலண்ட் ரெண்டு டியூப், ஸ்க்ரூ 50. கீழ தகட்டுல ஒவ்வொரு கட்டத்துக்கும் தாழ்வான மூலையில 8 எம்எம் ஓட்டை ஒண்ணு நிரந்தரமா விட்டுடுங்க.

பர்கூர்_பைபாஸ் | வெள்ளி காலை 6:48

ப்ளையே எதுக்குங்க? டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த ஃபோம்) போர்டு போடுங்க. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, கறையானும் தொடாது.

ஓசூர்_ஃபிட்டர் | 7:10

தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுங்கறது சரி. ஆனா ஃபோம் போர்டு ப்ளை அளவுக்கு விறைப்பு இல்ல. ஒரே கனத்துல ரெண்டையும் வெச்சு மிதிச்சா உடனே தெரியும். சித்திரை வெயில்ல மூடின டிரெய்லர் உள்ள என்ன சூடு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்தச் சூட்டுல வெயிட் உக்காந்த இடத்துல மெல்லக் குழி விழும். ஸ்க்ரூ பிடிப்பும் குறைவு. கப்போர்டுக்குப் போடுங்க, காலுக்கு அடியில வேண்டாம்.

பர்கூர்_பைபாஸ் | 7:22

கம்பெனிக்குக் கம்பெனி தரம் மாறும் சார். எல்லாத்தையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. அப்ப சிமெண்ட் போர்டு?

காவேரிப்பட்டணம்_கார்பெண்டர் | 7:35

18 எம்எம் சிமெண்ட் போர்டு முழு ஷீட் 60 கிலோவைத் தாண்டும். அதே அளவு ப்ளை 35ஐ ஒட்டி நிக்கும். வீட்டு மெஸனைனுக்கு நல்ல சாமான். ஓடற வண்டில ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தி நொறுங்கும்.

பர்கூர்_பைபாஸ் | 7:41

கார்பெண்டர் கார்பெண்டர் சாமானைத்தானே விப்பாரு 😄

சேஸிஸ்44 | 7:55

மரைன் என்று முத்திரை குத்தியதெல்லாம் மரைன் ஆகிவிடாது. ஐஎஸ்ஐ குறியோடு இருக்கும் சிஎம்/எல் எண்ணை (உரிம எண்) பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கவும். ஐஎஸ் 710 என்றால் 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் மாதிரித் துண்டை வீட்டில் கொதிக்க வைத்தாலே, எம்ஆர் ரகமாக (லேசான ஈரம் மட்டும் தாங்கும் சாதாரண ப்ளை) இருந்தால் இதழ் இதழாகக் கழன்றுவிடும். வாய்ச் சண்டையை விட அது எளிது.

பென்னாகரம்_ரோடு | 8:20

எல்லாம் சரி, கறையானைப் பாத்தாரா இல்லையா?

ஓசூர்_ஃபிட்டர் | 8:31

மாந்தோப்பு, நாளைக்குப் போயே ஆகணும்னா இதை மட்டும் செய்ங்க. 12 எம்எம் ப்ளைத் துண்டு ஒண்ணை ரெண்டு குறுக்கு பைப் மேலயும் உக்கார்ற நீளத்துக்கு வெட்டி சும்மா போட்டு வைங்க. ஒட்டாதீங்க, ஸ்க்ரூ போடாதீங்க. திரும்பி வந்ததும் எடுத்துட்டுக் காயவிடலாம். தண்ணி டேங்கைக் காலி பண்ணிட்டுப் போங்க, 60 லிட்டர்னா 60 கிலோ. பென்னாகரம் தாண்டி மலை இறக்கம் இருக்கு, அந்த வெயிட்டோட இறங்க வேண்டாம். பைக், ஸ்டவ்வுன்னு கனமான எதையும் அந்த ரெண்டு இடத்துல ஏத்தாதீங்க.

கதவுகிட்ட அமுங்கறது வேற கதைன்னு தோணுது. கதவுக் கீழ்ச்சட்டம், ஜன்னல் ரப்பர், சக்கர வளைவு மூணையும் ஹோஸ் பைப் வெச்சு சோதிங்க. கீழ இருந்து மேல, ஒவ்வொரு இடத்துக்கும் 10 நிமிஷம், உள்ள ஒருத்தர் டார்ச்சோட. மேல இருந்து ஆரம்பிச்சா எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

மாந்தோப்பு_கேரவன் | வெள்ளி இரவு 8:05

ஓட்டை போட்டோம். அரை வாளி தண்ணி கொட்டிச்சு, சோப்பு வாடை. சிங்க் அடியில டிரெயின் ஹோஸ் கிளாம்ப் லூஸ். மாத்தியாச்சு. கறையான் இல்ல. லூஸ் ப்ளை போட்டுட்டுக் கிளம்பறோம், டேங்க் காலி. எல்லாருக்கும் நன்றி.

ஓசூர்_ஃபிட்டர் | 8:14

நல்லது. கதவுகிட்ட குத்திப் பாத்தீங்களா? அங்க சிங்க் தண்ணி வர வழியில்லையே.

காவேரிப்பட்டணம்_கார்பெண்டர் | திங்கள் காலை 9:30

வந்தாச்சா? ப்ளையை எடுத்து ஃபேன் போட்டு விடுங்க. ஈரமானி கிடைச்சா 15 சதவீதத்துக்குக் கீழ வந்தப்புறம்தான் வெட்ட ஆரம்பிக்கணும். கதவுப் பக்கம் ஒரு போட்டோ போடுங்க.

பென்னாகரம்_ரோடு | புதன் மாலை 6:02

ஆளையே காணோம்.