புதுப்பிப்பு: வளைவில் நின்றுபோன எச்ஓ மாதிரி ரயில், தீர்வு கிடைத்தது

திருகோணமலைப் பாதையைப் போலப் பலகையில் நான் அமைத்த சிறு பாதையில், சீனன்குடாப் பக்க வளைவுக்கு வந்ததும் என் எச்ஓ ரயில் (தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தில் ஓடும் சிறு மாதிரி ரயில்) சோர்ந்து நின்றுவிடுகிறது, விளக்கும் மங்குகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது கோச்சி நிற்காமல் ஓடுகிறது.

முதலில் தண்டவாளத்தைத் துடைத்தேன். கொஞ்சம் முன்னேற்றம், அவ்வளவுதான். மோட்டாரிலும் பிழை இல்லை. வழி காட்டியது மட்டக்களப்பு அண்ணா சொன்னதுதான்: "ரயில் ஓடிக்கொண்டிருக்கேக்கையே வோல்ற் அளந்து பாருங்கோ." ரயில் ஓடாமல் சும்மா அளந்தால் எங்கும் 12 வோல்ற். ஓடும்போது, மின்சாரம் கொடுக்கும் கண்ட்ரோலர் பக்கத்தில் கிட்டத்தட்ட அதே அளவு, வளைவில் 7. அங்கே தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடு ஒன்றைக் கழற்றினேன். உட்பக்கம் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. திருகோணமலை போலக் கடற்காற்று அடிக்கும் ஊரில் மின்சாரத்துக்கு அந்தத் தகட்டை நம்பவே கூடாது.

ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி வயர் பற்றவைத்து, கண்ட்ரோலரில் இருந்து பலகைக்கு அடியில் ஓடும் இரண்டு தடித்த வயர்களோடு சேர்த்தேன். ஒரு பக்கத் தண்டவாளத்துக்குச் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு; மாறினால் ஷோர்ட் ஆகும். பிளாஸ்டிக் சிலிப்பர்கள் உருகாமல் இரு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: கல்ஓயாச் சந்தியில் தண்டவாளம் பிரியும் பொயின்ற் மேல் சின்ன எஞ்சின் இன்னும் தடுமாறுகிறது. அதன் நடுத்துண்டு பிளாஸ்டிக், மின்சாரம் வராது. நீளமான எஞ்சின் தாண்டிவிடுகிறது, நாலு சில்லு எஞ்சினால் முடியவில்லை. உலோக நடுத்துண்டு உள்ளதைத் தேடுகிறேன். கந்தளாய்ப் பகுதி முடிந்ததும் படங்கள் போடுவேன்.