5100 எரர்: கேரியேஜ் ஓரத்தில் இடித்து நின்றுவிடுகிறது

கீழவாசல்:
வீட்டில் இருப்பது டேங்க் வைத்த இங்க்ஜெட் பிரிண்டர். ஆன் செய்ததும் கேரியேஜ் (மை தெளிக்கும் ஹெட்டைச் சுமந்து இடமும் வலமும் ஓடும் பகுதி) கொஞ்சம் நகர்ந்து, அப்புறம் வேகமாகப் போய் வலது ஓரத்தில் டக்கென்று இடித்து நிற்கிறது. பிரிண்டரின் சின்னத் திரையில் P02, கணினியில் 5100. பேப்பர் எதுவும் சிக்கவில்லை, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். கடையில் காட்டினால் "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு நடக்கிறது, தினமும் வினாத்தாள் எடுக்க வேண்டும். வேறு வழி உண்டா?

நீலமை:
ரீசெட் சாஃப்ட்வேர் இணையத்தில் கிடைக்கிறது, ஓட்டிப் பாருங்கள். எனக்கு 5B00 வந்தபோது அதில்தான் சரியானது.

பழைய ரோலர்:
பிரிண்டர் சர்வீஸ்தான் என் தொழில். ரீசெட் இதற்கு உதவாது. 5100 என்றால் கேரியேஜ் நகர்வதில் கோளாறு. அதற்காக போர்டு போய்விட்டது என்று ஆகாது.

மூடியைத் திறந்து கேரியேஜின் பின்பக்கம் பாருங்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை விரல் அகலம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும். என்கோடர் ஸ்ட்ரிப் என்போம். வெறும் கண்ணாடித்தாள் மாதிரி தெரியும், ஆனால் அதில் மிக நெருக்கமாகக் கோடுகள் அச்சாகியிருக்கும். கேரியேஜில் இருக்கும் சென்சார் அந்தக் கோடுகளை எண்ணித்தான் தான் எங்கே நிற்கிறது என்று கணக்கு வைக்கிறது. மையோ கிரீஸோ பட்டுக் கோடு மறைந்தால் கணக்கு தப்பும், ஓரம் வந்தது தெரியாமல் போய் இடிக்கும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

பிளக்கைப் பிடுங்குங்கள். மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, பட்டையை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெதுவாகத் துடையுங்கள். அப்புறம் காய்ந்த துணியால் ஒருமுறை. தின்னர், சானிடைசர் வேண்டாம், கோடே அழிந்துவிடலாம். இழுக்கவும் வேண்டாம்: ஒரு முனை ஸ்பிரிங்கில் நிற்கிறது, கழன்றால் சென்சார் இடுக்கு வழியாகத் திரும்பக் கோக்க வேண்டியிருக்கும். துடைத்தும் இடித்தால் மட்டும் சென்சார், மோட்டார், போர்டு என்று பார்க்கலாம்.

நீலமை, உங்கள் 5B00 வேறு சங்கதி. ஹெட் கிளீனிங்கில், அதாவது மைத் துளைகளைப் பிரிண்டரே சுத்தம் செய்யும்போது, வீணாகும் மை அடியில் உள்ள பஞ்சில் இறங்குகிறது. எவ்வளவு இறங்கியது என்று பிரிண்டர் எண்ணிவந்து, நிரம்பியதாகக் கணக்கு வந்தால் நின்றுவிடும். ரீசெட் அந்த எண்ணைத்தான் பூஜ்யமாக்கும், பஞ்சு நனைந்தபடியே இருக்கும். அதை மாற்றாமல் ஓட்டினால் ஒருநாள் மேசையெல்லாம் மை. தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

கீழவாசல்:
அண்ணா, பட்டையில் வலது ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல் இருந்தது. துடைத்தேன், இப்போது இடிக்காமல் ஓடுகிறது! நாஸில் செக் (எல்லா மைத் துளையும் வேலை செய்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள்) எடுத்ததில் மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. டீப் கிளீனிங் கொடுக்கலாமா?

பழைய ரோலர்:
நல்லது. டீப் வேண்டாம், அது மையை அள்ளிக் கொட்டும், பஞ்சும் சீக்கிரம் நிரம்பும். சாதாரண கிளீனிங் ஒருமுறை கொடுத்து, ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் செக் எடுங்கள். வினாத்தாளுக்குக் கறுப்பு போதும்தானே, இன்றைக்கே எடுத்துக் கொடுங்கள்.