புதுப்பிப்பு: பேட்டிக்கான ரெக்கார்டர் வாங்கியாச்சு

ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்ய விலை குறைந்த ரெக்கார்டர் எது என்று கேட்டிருந்தேன். சோனி பிஎக்ஸ்470, டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் இரண்டையும் பலர் சொன்னீர்கள். டாஸ்காமையே எடுத்துவிட்டேன். இரண்டு டபுள் ஏ பேட்டரி போதும், பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். ஆனால் அதன் மைக் எல்லாப் பக்கச் சத்தத்தையும் வாங்குகிறது. மேசையில் வைத்தால் பாட்டியோடு மின்விசிறியும் சேர்ந்து பேசுகிறது! தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் வசதியைப் போட்டதும் உறுமல் குறைந்தது. அப்புறம் ஒரு காலர் மைக்கைச் செருகி, முந்தானை உரசாத இடமாகப் பார்த்து மாட்டினேன். வெற்றிலை மெல்லுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. சுருக்காமல் சேமிக்கும் வேவ் கோப்பு, சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் (இரண்டு ஒலித்தடம்) ஒரு மணி நேரப் பதிவுக்கு 600 எம்பியைத் தாண்டும். ஒருவர் பேச்சுக்கு ஒரே தடமான மோனோவே தாராளம், பாதி இடம் மிச்சம். போனே போதாதா என்று கேட்டவருக்கு: போதும், நடுவில் அழைப்பு வராதவரை.