மதியம் இரண்டரைக்கு மூடிய சமையலறை

போன மே மாதம் அப்பா அம்மாவோடு மியூனிக் போய் வந்தேன். மூன்று பேருக்குமே ஜெர்மனி முதல் முறை. பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் மணிவாரியாக எழுதி வைத்திருந்தேன். சாப்பாட்டை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போட்டால் ஒன்றரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

முதல் நாள் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில் பன்னிரண்டு மணிக்கு நகராட்சிக் கோபுரத்தில் பொம்மைகள் சுற்றி ஆடுவதைப் பார்த்தோம். அப்புறம் பக்கத்திலிருக்கும் பீட்டர் தேவாலயக் கோபுரத்துக்கு நான் மட்டும் ஏறினேன். 306 படிகள், குறுகலான வழி, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவருக்கொருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இறங்கி வந்து, பார்த்து வைத்திருந்த உணவகத்துக்கு நடந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. கதவு திறந்திருந்தது, உள்ளே ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பரிமாறும் பெண்மணி, "குடிக்க ஏதாவது தரலாம், சூடான சாப்பாடு இனி ஐந்தரைக்கு மேல்தான்" என்று சொல்லிவிட்டார். கடை திறந்திருந்தால் அடுப்பும் எரியும் என்பது நம் ஊர் வழக்கம். அங்கே பல இடங்களில் கடைக்கு ஒரு நேரம், சமையலறைக்கு ஒரு நேரம். உணவகத்தின் பலகையிலோ இணையப் பக்கத்திலோ 'க்யூஹெ' (Küche) என்று போட்டு எழுதியிருப்பதுதான் சமையலறை நேரம், அதைத்தான் பார்க்க வேண்டும். 'ரூஹெடாக்' (Ruhetag) என்றிருந்தால் அன்று வார விடுமுறை.

வெளியே வந்தபோது அப்பாவின் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நல்லவேளை, எதிரிலேயே ஒரு பேக்கரி. முதலில் ஆப்பிள் ஜூஸ் வாங்கிக் குடிக்க வைத்தேன். பிறகு வெண்ணெய் வைத்த ப்ரெட்சல், முடிச்சுப் போட்டதுபோல இருக்கும் ரொட்டி. அதைக் குறுக்காக அறுத்து நடுவில் கனமாக வெண்ணெய் தடவியிருந்தார்கள். மேலே ஒட்டியிருந்த உப்புக் கற்களை அம்மா நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டிவிட்டு, சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் முகம் தெளிந்தது. அன்று ராத்திரியே திட்டத்தைத் தலைகீழாக மாற்றினேன். முதலில் சாப்பாட்டு நேரம், அதைச் சுற்றித்தான் மற்ற இடங்கள்.

மறுநாள் சரியாகப் பன்னிரண்டுக்கு விக்டுவாலியன்மார்க்ட் சந்தையில் இருந்தோம். 1807இல் தொடங்கிய சந்தை, மரியன்பிளாட்ஸிலிருந்து இரண்டு நிமிட நடை. சூப், பாலாடைக்கட்டி, ரொட்டி, பழம் எல்லாம் தனித்தனிக் கடைகளில் கிடைக்கும். ஞாயிறு மட்டும் விடுமுறை. நடுவில் மரநிழலில் பியர் தோட்டம். பெயரைக் கேட்டு அம்மா தயங்கினார், ஆனால் குழந்தைகளும் பாட்டிகளும்கூட உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பியர் தோட்டத்துக்கு நம் சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம், குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். 1812இல் மதுவடிப்பவர்கள் தங்கள் நிலவறைத் தோட்டங்களில் பியர் விற்க அரசர் அனுமதித்தார், ரொட்டி தவிர வேறு உணவு விற்கத் தடை. அதனால் மக்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். 1999இல் போட்ட விதியின் விளக்கத்திலும் அந்த வழக்கத்தை எழுதியே வைத்துவிட்டார்கள். விரிப்பு போடாத மேசையாகப் பார்த்து உட்கார்ந்தால் போதும். தங்கிய அறையில் அம்மா கலந்த எலுமிச்சைச் சாதத்தை அங்கே பிரித்தோம். எதிரில் இருந்த பெரியவர் அது என்ன என்று விசாரித்தார், அம்மா டப்பா மூடியில் கொஞ்சம் வைத்து நீட்டினார். மேசையைப் பகிர்ந்துகொள்வது அங்கே சாதாரணம், "ஃப்ரை?" (காலியா?) என்று கேட்டுவிட்டு உட்காரலாம்.

சமையலறை மூடியிருக்கும் மூன்று, நான்கு மணிதான் அவர்களுக்குக் காபி கேக் நேரம். நாங்கள் ப்ரின்ட்ஸ்ரெகென்டன் டோர்ட்டெ வாங்கினோம். அரசருக்குப் பதிலாகப் பவேரியாவை ஆண்ட இளவரசர் லூயிட்போல்டின் பட்டப்பெயரால் வந்த கேக். அப்பளம்போல மெல்லிய அடுக்குகள், இடையில் சாக்லேட் வெண்ணெய். அம்மா முள்கரண்டியால் அடுக்குகளை எண்ணிப் பார்த்து ஏழு என்றார். அப்பா ஒரே ஒரு வாய்தான் சாப்பிட்டார், ஆனால் அந்த ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்ததில் அவர் சாயங்காலம் வரை நடந்தார்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன், சைவக்காரர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். மியூனிக்கில் இரண்டு நாள் உருளைக்கிழங்கு சாலட்டை நம்பிச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, தெற்கு ஜெர்மனியில் அதை இறைச்சிச் சாறு ஊற்றிக் கலப்பது வழக்கமாம். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. "ஓனெ ஃப்ளைஷ்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள், அது மட்டும் போதாது. "ஓனெ ஷ்பெக், ஓனெ ஃப்ளைஷ்ப்ரூயெ" என்று பன்றிக் கொழுப்பையும் சாறையும் சேர்த்துச் சொல்லுங்கள். சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரியான கேஸெஷ்பெட்ஸ்லெ நல்ல சாப்பாடு, சில இடங்களில் அதிலும் ஷ்பெக் தூவுவார்கள். மே மாதம் போனால் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டை விடாதீர்கள். உருளைக்கிழங்கு, உருக்கிய வெண்ணெயோடு வரும், பன்றி இறைச்சியான ஹாம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஜூன் 24ஓடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள்.

* * *

நானும் இந்தப் பதிவைப் படித்தேன். நான் மாமனாரோடு போனது ஜெர்மனியின் இன்னொரு நகரமான கொலோன். அங்கே கோல்ஷ் பியரை 200 மில்லி குவளையில் தருவார்கள். தீர்ந்ததும் கேட்காமலே அடுத்தது வந்துவிடும், குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு விழும். மாமனார் மரியாதைக்காக ஐந்து குவளை குடித்தார். போதும் என்றால் அந்த அட்டையைக் குவளையின் மேல் மூடி வைக்க வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர்தான் செய்து காட்டினார்.

தண்ணீர் விஷயமும் முக்கியம். வெறுமனே தண்ணீர் என்றால் பெரும்பாலும் சோடாவாகவே வரும், "ஷ்டில்" என்று கேளுங்கள், அதற்கும் காசு உண்டு. டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வர வேண்டாம். பில் 27 யூரோ 40 என்றால் காசு கொடுக்கும்போதே "முப்பது" என்று சொல்லிவிட்டால் மீதியை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். கார்டு வாங்காத இடம் இன்னும் இருக்கிறது, ஐம்பது யூரோவாவது ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள்.