கருப்புச் சட்டைக்கு எத்தனை அர்த்தம்!

காரைக்குடியிலிருந்து:

நான் கோத், அதாவது கருப்பு உடையும் தனக்கென ஒரு இசையும் கொண்ட கூட்டத்தைச் சேர்ந்தவன். கருப்புச் சட்டை, கருப்புப் பேன்ட், கண்ணுக்கு மை, விரலெல்லாம் வெள்ளி மோதிரம், கெண்டைக்கால் வரை பூட்ஸ். சித்திரை வெயிலிலும் இதே கோலம்தான், துணி மட்டும் பருத்தி.

கார்த்திகையில் பஸ் ஏறினால் "சாமி, இப்படி உக்காருங்க" என்று இடம் கிடைக்கும். மாலை போட்டிருக்கிறேன் என்று நினைப்பு. பூட்ஸைப் பார்த்ததும் முகம் மாறும். தை பிறந்துவிட்டால் அதே சட்டைக்கு "தம்பி தி.க.வா?" இரண்டும் இல்லை என்றால் குரலைத் தணித்து, "யாரும் ஏமாத்திட்டாங்களா?"

அத்தை மகள் கல்யாணத்தில் அம்மாவுக்காக வெள்ளை வேட்டி கட்டினேன், எனக்காகக் கருப்புச் சட்டை போட்டேன். அது இன்னும் மோசம், அசல் கட்சிக்காரன். முகப்பில் நின்ற என்னைப் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து இரண்டாம் கட்டுக்கு இழுத்துப் போனார்.

"போன்ல பார்த்தேன் அப்பு. பேய் கும்புடுற கூட்டமாமே, ரத்தமெல்லாம் குடிப்பீகளா?"

என் கையில் கவுனி அரிசிக் கிண்ணம். கல்யாணப் பந்தியில் அதைவிடக் கருப்பாக எதுவும் இல்லை, அதை யாரும் அபசகுனம் என்பதில்லை!

"ஐயா, இது பாட்டுல ஆரம்பிச்சது. 1970கள் முடியுறப்ப இங்கிலாந்துல பங்க் இசைக்குப் பின்னாடி சில குழுக்கள் வந்தாங்க. 1982ல லண்டன்ல பேட்கேவ்னு ஒரு கிளப். பாட்டுக் கேக்க அங்க கூடுனவங்க உடுத்துனதுதான் இது. மதமும் இல்ல, மந்திரமும் இல்ல."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப பஜனை மடம் மாதிரின்னு சொல்லு."

இதைவிடச் சரியாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

அங்கேயும் இவர்களைச் சும்மா விடவில்லை. 2007இல் லங்காஷயரில் சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணை ஒரு பூங்காவில் இந்த உடைக்காகவே அடித்தார்கள், பிழைக்கவில்லை. 2013இல்தான் மான்செஸ்டர் வட்டாரப் போலீஸ் இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகப் பதியத் தொடங்கியது. எனக்கு இதுவரை அறிவுரை மட்டும்தான் விழுந்திருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:

பூட்ஸ் எங்கே வாங்கினீர்கள் என்று அப்புறம் சொல்லுங்கள். பையனுக்கு மாலையா, கட்சியா என்றாவது கேட்கிறார்கள். பெண் கருப்புக் கட்டினால் நேரே "வீட்டுக்கு ஆகாது"தான். எங்கள் அப்பத்தா அதைத் தினமும் சொல்லும்.

போன தீபாவளிக்கு அப்பத்தாவின் பழைய பெட்டியைக் குடைந்தேன். அடியில் ஒரு கண்டாங்கி. அகலமான அரக்குச் சிவப்புக் கரை, உடல் முழுக்கக் கருப்புக் கட்டம்.

"இது என்ன அப்பத்தா?"

"இது கண்டாங்கி ஆத்தா."

"கருப்பா இருக்கே?"

"அதான் கண்டாங்கிங்கிறேன்ல."

அதையே கட்டிக்கொண்டேன். கண்ணுக்கு மையைப் பட்டையாக இழுத்து, கழுத்தில் வெள்ளிச் சங்கிலி நாலு போட்டுக்கொண்டு வளவில் வந்து நின்றேன். மேலும் கீழும் பார்த்தது. கொசுவத்தைச் சரியாக வைக்கவில்லை என்று சொல்லி அதுவே அவிழ்த்துக் கட்டிவிட்டது.